மின்கட்டணம் முடிவாகும் இடம்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் இரவு கரையில் வந்து நின்றால், எதிர்ப்பக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் சிவப்பு விளக்கோடு தெரியும். அங்கே எரியும் ஒவ்வொரு டன் நிலக்கரியின் விலையும் ஏதோ ஒரு வழியாக நம் வீட்டு மீட்டர் அட்டையில் வந்து சேருகிறது. அந்த வழியின் நடுவில், கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் சிட்கோ கட்டடத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது: தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஈபி ஆபீஸ் எங்கே என்று கேட்டால் தண்டையார்பேட்டையில் சின்னப் பையன்கூட வழி காட்டுவான். இந்த ஆணையத்தைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களுக்கே தெரிவதில்லை. ஆனால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது அங்கேதான்.

அந்த ஆணையம் காகிதத்தில் வந்ததைத்தான் பார்க்கும். தெருவில் நாம் போட்ட சத்தமும் டிரான்ஸ்பார்மர் அடியில் நின்று புலம்பியதும் அதன் கோப்பில் ஏறாது. தொழிற்சாலைச் சங்கங்கள் கணக்கரை வைத்து எழுதிக் கொடுக்கின்றன. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இருக்கிற நாமும் எழுதிக் கொடுக்கலாம், காசு பெரிதாகச் செலவாகாது. எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: யார் இவர்கள்?

1998-ல் வந்த மத்திய சட்டத்தின்கீழ் 1999-ல் தமிழ்நாட்டில் இந்த ஆணையம் அமைந்தது. பிறகு வந்த மின்சாரச் சட்டம், 2003, அதே ஆணையத்தைத் தொடர வைத்தது. தலைவரோடு சேர்த்து மூன்று பேர். பதவிக்காலம் 5 ஆண்டு, வயது 65-ஐத் தாண்டக் கூடாது, அதே பதவியில் மறுபடி நியமிக்க முடியாது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் தலைமையில் ஒரு தேர்வுக்குழு பெயர்களைப் பரிந்துரைக்கும், அரசு நியமிக்கும். மூவரில் ஒருவராவது சட்டத்துறையைச் சேர்ந்தவராக இருந்தே ஆக வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-ல் கட்டண மனு விசாரணையில் இருந்தபோது, சட்ட உறுப்பினர் இடம் காலியாக இருந்ததைக் காட்டியே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது.

ஏன் இப்படி ஒரு தனி அமைப்பு? முன்பு மின்சார வாரியமே மின்சாரம் தயாரித்தது, விற்றது, விலையும் போட்டது. விற்கிறவரே விலையைச் சொன்னால் கேட்க ஆளில்லை. மின்கம்பி இரண்டு பேர் இழுத்து வந்து போட்டி போடுகிற சரக்கும் இல்லை. பிடிக்கவில்லை என்று கடை மாறிப் போக முடியாத பொருளுக்கு, விலையையும் தரத்தையும் மூன்றாவது ஆள் பார்க்க வேண்டும் என்பதுதான் யோசனை. 2010 நவம்பர் 1-ல் வாரியம் பிரிக்கப்பட்டது. 2024-ல் அது மறுபடி பிரிந்து, இப்போது நமக்கு மின்சாரம் தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் எத்தனை முறை மாறினாலும் நம் வாயில் அது ஈபி-தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடிநீருக்கு இப்படி ஓர் ஆணையம் நமக்கு இல்லை. மெட்ரோ வாட்டர் கட்டணத்தை 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்த வாரியமேதான் பார்த்துக்கொள்கிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊர்க்காரர்கள் நாம். தண்ணீருக்கும் ஒரு பொது விசாரணை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 2: எது யார் கையில்?

அத்திப்பட்டுப் பக்கம் போனால் அனல்மின் நிலையங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வடசென்னை அனல்மின் நிலையம் மாநிலத்துடையது: முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, மூன்றாம் நிலையாக 2024-ல் தொடங்கிய 800 மெகாவாட். அதன் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டும் போவதால் விலையைக் கிண்டியில் இருக்கும் ஆணையம் பார்க்கிறது. கொஞ்சம் தள்ளி இருக்கும் வல்லூர் நிலையம், 1,500 மெகாவாட், மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசி-யும் மாநிலமும் சேர்ந்து நடத்துவது. அதன் மின்சாரம் மற்ற மாநிலங்களுக்கும் போகிறது, ஆகவே அதன் விலை டெல்லியில் உள்ள மத்திய ஆணையத்தில் முடிவாகும். புகை ஒரே காற்றில்தான் கலக்கிறது, கணக்கு மட்டும் இரண்டு ஊரில். வல்லூரில் யூனிட் விலை ஏறியதற்கு மாநில ஆணையத்திடம் சண்டை போட்டுப் பயனில்லை என்பதை நினைவில் வையுங்கள். அந்த மின்சாரத்தில் எவ்வளவு வாங்குவது நியாயம் என்று மாநில ஆணையத்தைக் கேட்கலாம், அது அதன் பொறுப்பு.

மின்சாரச் சட்டத்தின் 86-ஆம் பிரிவில் மாநில ஆணையத்தின் வேலைகள் வரிசையாக இருக்கின்றன. கட்டணம் நிர்ணயிப்பது, வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பது, உரிமம் கொடுப்பது, காற்றாலை, சூரிய மின்சாரத்தை ஊக்குவிப்பது, உற்பத்தியாளருக்கும் பகிர்மானக் கழகத்துக்கும் இடையிலான தகராறைத் தீர்ப்பது, சேவைத் தரத்துக்கு விதி எழுதுவது. மீறினால் 142-ஆம் பிரிவின்கீழ் ஒவ்வொரு மீறலுக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 6,000 வரை.

கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிவது இந்த ஆணையத்தின் மேஜைக்கு வராது. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும். கட்டணக் கணக்கில் நிலக்கரிக்கு ஒரு பத்தி உண்டு, கப்பல் கூலிக்கு ஒரு பத்தி உண்டு. காட்டுக்குப்பத்துக்காரர் வலையில் குறைந்துபோன இறாலுக்குப் பத்தி கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

படி 3: கட்டணம் எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பகிர்மானக் கழகம் முதலில் ஒரு மனு போடும். அதில், வரும் ஆண்டுகளில் எங்களுக்கு இவ்வளவு செலவு என்று காட்டும்: மின்சாரம் வாங்கும் செலவு, சம்பளம், பராமரிப்பு, கடன் வட்டி, தேய்மானம், போட்ட முதலுக்கு வருமானம். இந்தக் கூட்டுத்தொகைக்குப் பெயர் மொத்த வருவாய்த் தேவை. இதில் பாதிக்கு மேல் மின்சாரம் வாங்கவும் தயாரிக்கவும் ஆகிற செலவு என்பதால், மனுவில் முதலில் படிக்க வேண்டிய அத்தியாயமும் அதுதான்.

அடுத்து, வாங்கிய யூனிட் எவ்வளவு, விற்ற யூனிட் எவ்வளவு. இரண்டுக்கும் நடுவில் கம்பியில் சூடாகிப் போனது, கொக்கி போட்டு எடுத்தது, மீட்டர் ஓடாமல் விட்டது எல்லாம் இழப்பு. எவ்வளவு இழப்பை ஏற்கலாம் என்று ஆணையம் ஓர் அளவு வைக்கும். அதைத் தாண்டினால் அந்தச் சுமையை நம் தலையில் கட்ட விடாமல் தடுக்கலாம். வீட்டு வரவு செலவு பார்க்கிற அம்மா, மளிகைச் சீட்டில் தேவையில்லாததை அடித்துவிடுகிற மாதிரி, ஆணையம் செலவில் ஏற்காததை அடிக்கலாம். ஆண்டு முடிந்து தணிக்கைக் கணக்கு வந்ததும் உண்மைச் செலவோடு ஒப்பிட்டு நேர்செய்யும் விசாரணையும் உண்டு.

அப்புறம்தான் யார் எவ்வளவு கொடுப்பது என்கிற பங்கீடு. தொழிற்சாலையும் கடையும் செலவுக்கு மேல் கொடுக்கும், வீடு செலவுக்குக் கீழே கொடுக்கும். இதைக் குறுக்கு மானியம் என்பார்கள். அரசு மானியம் தனி. ஆணையம் விலையைச் சொன்ன பிறகு, இந்த வகையினருக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று அரசு சொன்னால், 65-ஆம் பிரிவின்படி அந்தப் பணத்தை அரசே முன்கூட்டிக் கொடுக்க வேண்டும். வீடுகளுக்கு 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வருவது இப்படித்தான். அதனால் ஆணையின் கட்டணமும் நாம் கட்டும் கட்டணமும் வேறு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிற செய்திகள் ஏராளம்.

2022 செப்டம்பர் 9 ஆணையை எடுத்துக்கொள்வோம். மானியம் போக வீட்டுக்கு அன்று வந்த கணக்கு இது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஆக 500 யூனிட்டுக்கு ரூ.1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், 101-லிருந்து 400 வரை முழுக்க ரூ.4.50 ஆகிவிடும், கடைசி யூனிட்டுக்கு ரூ.8. பில் ரூ.1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

ரீடிங் தேதியும் இதில் விளையாடும். ஒரு நாளைக்கு ஏழரை யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளில் 450 யூனிட், பில் ரூ.1,425. ரீடிங் எடுப்பவர் எட்டு நாள் தாமதமாக வந்தால் 510 யூனிட், பில் ரூ.2,030. கூடுதலாக ஓடியது 60 யூனிட், கூடுதல் பணம் 605. மே மாதத்தில் ஏர்கூலர் ஓடும் வீட்டில் இது சாதாரணமாக நடக்கும். ஆகவே ரீடிங் எடுத்த தேதியை அட்டையில் எழுதச் சொல்லி வாங்குங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் கட்டணம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது. 2022 ஆணையே 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் நுகர்வோர் விலைக் குறியீட்டு உயர்வு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அந்த அளவுக்கு உயர்த்த வழி வைத்தது. 2023-ல் 2.18, 2024-ல் 4.83, 2025-ல் 3.16 சதவீதம் என்று வந்ததெல்லாம் அதனால்தான். உங்கள் பில்லைச் சரிபார்க்க அன்றைய அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை இதுதான்.

படி 4: மனு வந்ததும் எழுதிக் கொடுங்கள்

கட்டண மனு வந்தால் அதன் சுருக்கத்தை நாளிதழில் போட வேண்டும் என்பது சட்டம். முழு மனுவும் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறும். மனு கிடைத்த 120 நாளுக்குள், வந்த ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்து ஆணை போட வேண்டும். 2022-ல் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சென்னைக் கூட்டம் கலைவாணர் அரங்கத்தில், ஆகஸ்ட் 22-ல்.

கூட்டத்துக்குப் போவது நல்லதுதான். ஆனால் அங்கே ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அதில் பாதியை வணக்கம் சொல்லியே செலவழித்துவிடுகிறோம். எழுத்தில் கொடுத்தது வேறு. அதற்குப் பகிர்மானக் கழகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும், ஆணையிலும் ஆட்சேபமாகப் பதிவாகும், நாளைக்கு மேல்முறையீட்டுக்குப் போனால் அதுவே ஆதாரம். அதனால் எழுதுவதை முதலில் வைத்துக்கொண்டு, பேசுவதை அதற்குத் துணையாக வையுங்கள்.

கடிதம் இரண்டு பக்கம் போதும், தமிழில் எழுதலாம். மேலே உங்கள் பெயர், முகவரி, மின் இணைப்பு எண். வடசென்னை மண்டலத்து எண் 01 என்று தொடங்கும். அடுத்து மனுவின் எண்ணும் ஆண்டும். பிறகு மனுவில் எந்தப் பக்கம், எந்தப் பத்தியை எதிர்க்கிறீர்கள் என்பது. ஒரு பத்திக்கு ஓர் ஆட்சேபம், ஒரு காரணம், ஒரு கோரிக்கை.

‘விலைவாசி ஏறிக் கிடக்கிறது, ஏழைகள் பாவம், கட்டணத்தை உயர்த்தாதீர்கள்’ என்று எழுதினால் அதில் உண்மை இருக்கிறது, ஆனால் ஆணையத்துக்குப் பிடிமானம் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மூன்று மாடி, லிஃப்ட் இல்லாத குடியிருப்பு எங்களுடையது. பொதுவிளக்கும் தண்ணீர் மோட்டாரும் மட்டும் ஓடும் இணைப்புக்கு யூனிட் ரூ.8 என்று வைத்திருக்கிறீர்கள். இந்த மின்சாரம் வீட்டு உபயோகத்துக்கே போகிறது. கடந்த ஆறு பில்களின் நகல் இணைத்துள்ளோம். எங்களைத் தனிப்பிரிவாக்கிக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும்.’ நான் இதைச் சும்மா கற்பனையாகச் சொல்லவில்லை. 2022 ஆணையில் வந்த அந்த 8 ரூபாய்க்குப் பல இடங்களில் எதிர்ப்பு கிளம்பியது. 2023-ல் அரசு அறிவித்து, பத்து வீடு அல்லது அதற்குக் குறைவாக, மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்கு ரூ.5.50 ஆகக் குறைந்தது. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் இருக்கிற பழைய அடுக்குமாடிகளில் நிறைய இந்த வகைதான்.

எத்தனை நகல், எந்தத் தேதிக்குள், தபாலா மின்னஞ்சலா என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்கும். ‘நேரில் பேச விரும்புகிறேன்’ என்று கடைசி வரியில் எழுத மறக்காதீர்கள். தபால் ரசீதை அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: உங்கள் வீட்டுக் குறைக்கு வழி வேறு

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பில் தப்பு, மீட்டர் ஓடவில்லை, லோ வோல்டேஜ், புது இணைப்பு இழுத்தடிப்பு, இவற்றுக்கு நேரே ஆணையத்துக்கு எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். தனிநபர் பில் தகராறுக்குச் சட்டம் தனியாகக் குறைதீர்க்கும் மன்றம் வைத்திருக்கிறது, அங்கேதான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஆணையம் விதியை எழுதும், அந்த விதியை உங்கள் பில்லுக்குப் பொருத்திப் பார்ப்பது மன்றம்.

கொருக்குப்பேட்டையில் வீட்டு மாடியில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 380 யூனிட் வரும் வீட்டில் திடீரென்று 1,140 காட்டுகிறது. அக்கா என்ன செய்யலாம்?

முதலில் அன்றைக்கே மீட்டரைத் தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுக்க வேண்டும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் விளக்கு துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடித்தால் வீட்டு வயரிங்கில் கசிவு இருக்கலாம், எலெக்ட்ரீஷியன் வேலை. துடிக்கவில்லை, ஆனாலும் எண் நம்பும்படி இல்லை என்றால், பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் பெயருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். மின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் பேசினால் பதிவு எண் கொடுப்பார்கள், அதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளலாம். மீட்டரைச் சோதிக்கக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வழி உண்டு. மத்திய அரசின் 2024 விதித் திருத்தப்படி, மீட்டர் எண் உண்மைப் பயன்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று புகார் கொடுத்தால், ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் பொருத்தி மூன்று மாதமாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மீட்டர் பழுது என்று உறுதியானால், தமிழ்நாட்டு மின் வழங்கல் விதித்தொகுப்பின்படி அதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அக்காவின் பழைய அட்டை காசாக மாறும் இடம் இது.

பணம் கட்டாவிட்டால் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயம் இருக்கும். 56-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. 15 முழு நாள் எழுத்து அறிவிப்பு இல்லாமல் துண்டிக்கக் கூடாது. கேட்ட முழுத் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இரண்டில் எது குறைவோ அதை ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. இந்த ஒரு வாக்கியத்தைத் தெரிந்து வைத்திருந்தாலே கவுன்ட்டரில் நிற்கும்போது கை நடுங்காது.

புது இணைப்புக்கும் கால வரம்பு உண்டு. கேட்ட ஆவணம் எல்லாம் கொடுத்துவிட்டால் பெருநகரில் மூன்று நாள் என்கிறது 2024 திருத்தம். புதிதாகக் கம்பியோ டிரான்ஸ்பார்மரோ போட வேண்டியிருந்தால் கூடுதல் நாள் ஆகும்.

படி 6: மன்றம், அதற்கு மேல்

பிரிவு அலுவலகத்தில் தீரவில்லை என்றால், உங்கள் வட்டத்தின் (பகிர்மானக் கழகத்தின் நிர்வாகப் பகுதி) மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனு கொடுங்கள். அதன் தலைவர் அந்த வட்டத்து மேற்பார்வைப் பொறியாளரே. குறை சொல்லப்படுகிற நிர்வாகத்தின் அதிகாரியே விசாரிப்பது எனக்கு ஒப்பாத ஏற்பாடு. ஆனாலும் இந்தப் படியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. வக்கீல் கட்டாயமில்லை. அட்டை, படம், முத்திரை வாங்கிய புகார் நகல், ரசீது, எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள்.

மன்றத்தின் ஆணை பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. இவரை நியமிப்பது ஆணையம், பகிர்மானக் கழகம் அல்ல. அதனால் இந்தப் படியில் காற்று கொஞ்சம் மாறும். அவர் கொடுத்த ஆணைகள் இணையதளத்தில் கிடைக்கின்றன. உங்கள் குறை மாதிரியே இருக்கும் இரண்டு ஆணைகளைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். எந்த விதியின் எந்த எண்ணைக் காட்டினால் எடுபடுகிறது என்பது அதில் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. மின்திருட்டு, அனுமதியில்லாத பயன்பாடு என்று 126, 135 பிரிவுகளில் போட்ட வழக்குகளை மன்றம் எடுக்காது. வீட்டு இணைப்பில் கடை நடத்துவது அனுமதியில்லாத பயன்பாட்டில் வரும். அந்த மதிப்பீட்டை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் கேட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும்.

கட்டண ஆணையையே எதிர்க்க வேண்டுமென்றால் டெல்லியில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 45 நாள் கெடு. அங்கிருந்து சட்டக் கேள்வி இருந்தால் மட்டும் உச்ச நீதிமன்றம். தனியாளால் ஆகிற காரியம் இல்லை, குடியிருப்போர் சங்கமோ வணிகர் சங்கமோ சேர்ந்தால் முடியும்.

இப்போதே செய்ய வேண்டியது

நடப்புக் கட்டணக் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அதாவது 2027 ஏப்ரலிலிருந்து என்ன விலை என்பதற்குப் புது மனு வந்தாக வேண்டும். தெருவில் பத்து வீடாவது சேர்ந்து, கடந்த இரண்டு ஆண்டு பில்களையும் ரீடிங் தேதிகளையும் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். கோடையில் லோ வோல்டேஜ் ஆன நாளும் மணியும் பக்கத்திலேயே இருக்கட்டும். கரண்ட் போனது எத்தனை மணிக்கு, வந்தது எத்தனை மணிக்கு என்றும் எழுதுங்கள். நோட்டை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் மாட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மனு வந்த அறிவிப்பு நாளிதழில் தெரிந்த அன்று மாலை, அந்த நோட்டோடு உட்கார்ந்தால் இரண்டு பக்கக் கடிதம் தானாக வந்துவிடும்.